கிருபாவுக்கு ஆப்பிள் சுருள்

நவம்பர் 8, சனி

காலையிலிருந்து தூறல். மாடிக் கொடியில் துணி அப்படியே ஈரம். பரண் ஏறி வாஃபிள் மெஷினை இறக்கியாயிற்று. தும்மல் நிற்கவில்லை.

மகள் ஜெனி கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த பரிசு இது. மூடி போட்ட சின்ன மின்சாரப் பெட்டி. உள்ளே மேலும் கீழும் கட்டம் கட்டமாக இரும்புத் தகடு. மாவை வைத்து மூடினால் கட்டம் பதிந்து வெந்து வரும். இரண்டு பேர் இரண்டு பெட்டி கொடுத்துவிட்டார்கள். ஒன்றைக் கோயம்புத்தூருக்கு எடுத்துப் போனாள், இது பரணுக்குப் போனது.

இப்போது இறக்கக் காரணம், காலையில் ஜெனியின் போன். ஐந்தாம் மாதம். வாந்தி இன்னும் விடவில்லையாம்.

"எனக்குக் காலையில இது ஒண்ணுதாம்ப்பா வயித்துல நிக்கி. ஆப்பிளும் பட்டையும் வச்சு மாவச் சுருட்டி, வாஃபிள் மெஷின்ல அமுக்கி எடுக்கது. எப்படிப் பண்ணணும்னு எழுதி அனுப்புதேன். நான் அங்க வரும்போது யாராவது செஞ்சு தரணும்லா."

பிறகு மெதுவாக: "அம்மா என்னைய வர வேண்டாங்காப்பா. பிரசவத்த அத்த வீட்டுலயே வச்சிக்கோங்கா."

எனக்குத் தெரியும். "நீ செய்முறைய அனுப்பு" என்றேன்.

ஆகஸ்ட் காய்ச்சலில் என் மனைவி கிருபாவுக்கு வாசம் போனது. காய்ச்சல் விட்டது, வாசம் வரவில்லை. நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு தெரியும். மற்றது ஒன்றுமில்லை. சாம்பாரும் மீன் குழம்பும் ஒன்றே என்கிறாள், இரண்டும் சூடான உப்புத் தண்ணீர். டாக்டர், வரலாம், வராமலும் போகலாம் என்றார். தினமும் கிராம்பு, எலுமிச்சை என்று நாலு சாமானை மோந்து பழகச் சொன்னார். கொஞ்ச நாள் செய்தாள். பிறகு டப்பாவை மூடி வைத்துவிட்டாள். "இல்லாதத மோந்து மோந்து என்ன செய்ய."

செப்டம்பரில் ஜெனியின் மாமியார் எஸ்தரம்மா சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்தார். மதியம் சொதி. தேங்காய்ப்பால் கெட்டிருந்தது கிருபாவுக்குத் தெரியவில்லை. நான் இன்னும் உட்காரவில்லை. எஸ்தரம்மா ஒரு வாய் வைத்தார். தட்டை ஓரமாக நகர்த்தினார். "மைனி, என்ன, நல்லா இல்லையா?" என்று கிருபா பின்னாலிருந்து இரண்டு முறை கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை.

அதோடு அடுப்படிக்கு முழுக்கு. இப்போது சோறு நான், குழம்பு மெஸ்ஸிலிருந்து. பெரிய வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவள், ஹாலில் பேப்பரை விரித்துக்கொண்டு ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது.

செய்முறை வந்துவிட்டது. மைதா, பால், வெண்ணெய், ஈஸ்ட், ஆப்பிள், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சர்க்கரை. சர்க்கரைக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி போடலாம் என்று எனக்கு ஒரு யோசனை.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். கோயில் முடிந்து நேரே அடுப்படி.

ஈஸ்ட் பழசு. மாவு உப்பவே இல்லை. இருந்தாலும் விடவில்லை. தேய்த்து, ஆப்பிள் வதக்கியதைப் பரப்பி, பாய் மாதிரி சுருட்டி, துண்டு போட்டு, பெட்டிக்குள் வைத்து அமுக்கினேன். கட்டம் மட்டும் அழகாக விழுந்தது. வந்தது ஓடு.

ஒன்றைத் தட்டில் வைத்து ஹாலுக்குக் கொண்டுபோனேன்.

"என்னது இது, மொட்டமாடியில பதிக்க ஓடா?"

"ஜெனி திங்கதாம். தின்னு பாரேன்."

கடித்தாள். நெடுநேரம் மென்றாள். முகம் பார்த்துக்கொண்டே நின்றேன். "சத்தம் நல்லா வருது" என்றாள். அவ்வளவுதான். ஆனால் தட்டைக் காலி செய்துவிட்டாள். மெஸ் குழம்பில் பாதி வைப்பவள்.

நவம்பர் 10, திங்கள்

துறைமுகத்தில் காற்று. வெளியே இரண்டு கப்பல் காத்து நிற்கிறது. எங்கள் சரக்கு கிளியரிங் ஆபீஸில் எல்லோரும் போனும் கையுமாக. முதலாளி கூப்பிட்டு, பிப்ரவரியில் ஓய்வு பெற்றாலும் இன்னும் ஒரு வருஷம் இருந்து கொடுங்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறுக்க முடியாது.

குளிரூட்டிய கன்டெய்னர் பெட்டிகள் நிற்கும் யார்டில் எலெக்ட்ரீஷியன் அந்தோணியைப் பார்த்தேன். வந்திருப்பது பூரா ஆப்பிள். "எந்த ஆப்பிள்ல பலகாரம் செஞ்சா நல்லா வரும்லே?" என்று கேட்டதற்கு, "அண்ணாச்சி, நான் பெட்டிக்கு கரண்டு குடுக்கவன். உள்ள ஆப்பிளா ஆனையான்னு எனக்கெதுக்கு" என்றான். பிறகு அவனே பின்னால் வந்து, "பச்சையா இருக்கும்லா, அத வாங்குங்க. புளிக்கும். எங்க வீட்டுல அதத்தான் மொளகாப்பொடி தொட்டுத் திம்பாவ" என்றான்.

புளிப்பு என்றதும் மண்டையில் விளக்கு. புளிப்பு அவள் நாக்குக்குத் தெரியுமே.

பழக்கடையில் பச்சை ஆப்பிள். பேக்கரி சாமான் கடையில் புது ஈஸ்ட்.

நவம்பர் 13, வியாழன்

எழுதவே மனமில்லை. எழுதி வைக்கிறேன்.

நேற்றே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்த மாவு நன்றாகப் பொங்கியிருந்தது. காலையில் சுருட்டி, பெட்டியில் வைத்து மூடினேன். ஆபீஸ் போன். ஒரு கன்டெய்னர் தாளில் எண் தவறு. பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டேன்.

கருப்பட்டி பாகு வெளியே வழிந்து இரும்பில் பிடித்துக் கருகியிருக்கிறது. அடுப்படி முழுக்கப் புகை. பக்கத்து வீட்டு மரகதம் சுவருக்கு மேல் எட்டிக் கூப்பிட்டாள்: "டீச்சர், ஏ டீச்சர், என்ன அங்க கருகுது?"

நான் ஓடி வந்தபோது கிருபா ஹாலில் பேப்பரும் கையுமாகத் தலையைத் தூக்குகிறாள். அடுப்படி வாசல் அவளுக்கு எட்டிப் பிடிக்கிற தூரம். புகை அவள் தலைக்கு மேலே ஓடுகிறது. அப்போதுதான் பார்க்கிறாள்.

பிளக்கைப் பிடுங்கினேன், ஜன்னலைத் திறந்தேன். அவள் எழுந்து நின்ற இடத்திலேயே நின்றாள்.

"வீடு பத்தி எரிஞ்சாலும் நான் உக்காந்து பேப்பர் படிச்சிட்டுத்தான் இருப்பேன், என்ன."

"கருப்பட்டிதான் கருகிச்சு, கிருபா. என் தப்பு, நான்தான் போன்ல—"

"உங்கள ஒண்ணும் சொல்லல. பாலு திரிஞ்சா எனக்குத் தெரியாது. கேஸ் கசிஞ்சா தெரியாது. பிள்ள துணிய நனைச்சிட்டுக் கெடந்தாலும் கண்ணால பாத்தாத்தான் தெரியும். பச்சப்புள்ளய என் கையில குடுக்கணும்னு ஜெனி அழுதா. அவளுக்கு வெவரம் இல்ல. உங்களுக்குமா இல்ல?"

அழுதாள். சத்தமில்லாமல், கண்ணாடியைக்கூடக் கழற்றாமல்.

"இனிமே அந்தப் பெட்டிய எடுக்காதீய" என்றாள்.

சாப்பிடாமல் ஆபீஸ்.

நவம்பர் 14, வெள்ளி

பெட்டியைத் தேய்த்துக் கழுவினேன். கட்டத்து மூலைகளில் கருப்பட்டி கல்லாகிவிட்டது. பல் விளக்கும் பிரஷ், வெந்நீர், சோடா உப்பு. பரணில் ஏற்றவில்லை. மேடையில், துணி போட்டு மூடி.

கேஸ் கசிந்தால் சத்தம் போடும் கருவி ஒன்று வாங்கி வந்து அடுப்புப் பக்கம் மாட்டினேன். கிருபா பார்த்தாள். 

நவம்பர் 16, ஞாயிறு

விடியுமுன்னே மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர், கோயிலுக்குப் போக வழியில்லை. கரண்டு மட்டும் போகவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

மனம் கேட்கவில்லை. மாவைப் பிசைய ஆரம்பித்தேன், இந்த முறை கருப்பட்டி இல்லாமல், சர்க்கரையோடு. வாசலில் நிழல். கிருபா நிற்கிறாள்.

திட்டுவாள் என்று இருந்தேன்.

"மாவ அப்படியா பிசைவாங்க? துணி தொவைக்க மாதிரி." கொஞ்சம் நின்றாள். "நகருங்க."

எத்தனை நாளுக்குப் பிறகு அடுப்படிக்குள் கால். சேலையைச் செருகிக்கொண்டு, உள்ளங்கையால் மாவைத் தள்ளி, மடித்து, திருப்பி, தள்ளி. விரலால் ஒரு குத்து. குழி மெதுவாக மேலே வந்தது. "இது சரி. இத மூடி வைங்க."

மாவு பொங்கியதும் கிண்ணத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து சொல்லுங்க. புளிச்சிருக்கா?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா? எப்படி நல்லா இருக்கு? எனக்குத் தெரிஞ்சா நான் எதுக்குக் கேக்கேன்."

மறுபடி மோந்தேன். இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு வாசத்துக்குக்கூட எனக்குப் பெயர் இல்லை. "லேசா... கள்ளு மாதிரி."

"உங்களுக்குக் கள்ளு வாசம் எப்படித் தெரியும்?"

மாட்டிக்கொண்டேன். புளித்த பதநீர் என்று மாற்றிச் சொன்னேன். நம்பவில்லை. உதட்டோரம் ஒரு அசைவு.

பிறகு ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து நீட்டினாள், பரீட்சை மாதிரி. பட்டை: புதுப் பென்சில் சீவினது, கொஞ்சம் இனிப்பு. கிராம்பு: பல் டாக்டர் அறை. ஜாதிக்காய் எனக்கு வரவே இல்லை, கண்ணை மூடி யோசித்து, "நாசரேத்துல உங்க அப்பா பீரோ" என்றேன்.

சிரித்துவிட்டாள். நன்றாகவே. "ஆமா, அங்கிச் சட்டைக்கு நடுவுல ரச கற்பூரம் வச்சிருப்பாங்க. அதுக்கும் ஜாதிக்காய்க்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கு அப்படித்தான் வருது."

"சரி. அப்படியே வச்சுக்கிடுதேன்."

பச்சை ஆப்பிளைச் சின்னதாக நறுக்கி வெண்ணெயில் வதக்கினாள். பாகு வழியாமல் இருக்க, சுருளின் ஓரத்தைக் கிள்ளி ஒட்டினாள், சோமாசுக்கு ஒட்டுவது போல. நான் பெட்டியைச் சூடாக்கி வெண்ணெய் தடவினேன். மூடியதும் ஸ்ஸ் என்று ஆவி. அவள் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆவிச் சத்தம் அடங்கியதும், "இப்ப எடுங்க."

பொன் நிறம். கட்டத்துக் குழிகளில் வெண்ணெய் தேங்கி நின்றது.

தின்றாள். "சூடு தெரியுது. புளிப்பு தெரியுது. மேல மொறுமொறுப்பு, உள்ள பஞ்சு, அது தெரியுது. பட்டை இல்ல." இன்னொரு வாய். "நீங்க சொன்ன பென்சில நெனச்சுக்கிட்டே தின்னுதேன்."

இரண்டு தின்றாள். மழை பெய்துகொண்டே இருந்தது. மரகதம் வீட்டுக்கும் சுவருக்கு மேலாக ஒரு தட்டு.

நவம்பர் 19, புதன்

இடையில் இரண்டு நாள் காலையும் சுருள்தான். ஒரு நாள் ஆப்பிளோடு சுக்கு. நேற்று ஏலக்காய். வாசம் சொல்வதில் தேறி வருகிறேனாம், பத்துக்கு நாலு.

ஜெனி வீடியோவில் வந்தாள். கிருபா தட்டைத் தூக்கிக் காட்டினாள். ஜெனிக்கு ஒரே சந்தோஷம். "அப்ப நான் கிறிஸ்மஸுக்கு வந்து அப்படியே இருந்துருதேம்மா."

கிருபாவின் முகம் மூடிக்கொண்டது. "பலகாரம் வேற, பிள்ள வேற, ஜெனி. ஞாயித்துக்கெழம ஒங்க அத்த வாராங்க. நான் அவங்ககிட்டயே சொல்லிருதேன், அங்கனயே இருக்கட்டும்னு."

போனை வைத்தபின் நான் சொன்னேன், "நான் இருக்கேன்லா."

"நீங்க காலையில ஆபீஸ் போனா பொழுது சாஞ்சுதான் வாரீய. பகலெல்லாம் யாரு மூக்கு?"



நவம்பர் 20, வியாழன்

ஆபீஸ். முதலாளியிடம் சொல்லிவிட்டேன், பிப்ரவரிக்கு மேல் இல்லை என்று. "வேற எங்கயும் சேருதீயளா, அண்ணாச்சி?" என்றார். வீட்டில் வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்று கேட்டார். சொன்னால் சிரிப்பார்.

பிரசவம் மார்ச் கடைசி. சரியாக வருகிறது.

கிருபாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிறு போகட்டும்.

நவம்பர் 23, ஞாயிறு

வெயில், நல்ல காற்று. எஸ்தரம்மா காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார், கையில் முருங்கைக்காய்க் கட்டோடு.

கிருபா விடிந்ததிலிருந்து அடுப்படி. நான் நாலு தடவை மோந்தேன். பால், வெண்ணெய், மாவு, திரும்பவும் பால். "சத்தியமா நல்லா இருக்கு" என்றேன். "சத்தியமெல்லாம் வேண்டாம், இன்னொரு வாட்டி மோந்து பாருங்க" என்றாள்.

சுருளைத் தட்டில் வைத்துக்கொண்டுவந்து கொடுத்தாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள், பள்ளிக்கூடத்தில் முன்னால் நின்று சொல்வது போல.

"மைனி, போன தடவ சொதி கெட்டிருந்துச்சு. எனக்குத் தெரியல. எனக்கு வாசமே தெரியாது, காய்ச்சலோட போயிட்டு. ஒங்ககிட்ட அப்பவே சொல்லிருக்கணும், வெக்கமா இருந்துச்சு. நான் ரெண்டு வாட்டி கேட்டேன், நீங்க ஒரு வார்த்த சொல்லல. அதுல ஒங்க மேலயும் வருத்தம். அதான் சொல்லுதேன், ஜெனிக்குப் பிரசவம் ஒங்க வீட்டுலயே—"

எஸ்தரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க என்ன கேட்டு நான் சொல்லல?"

"நல்லா இல்லையான்னு கேட்டேனே. ஒங்க பின்னால நின்னு."

"எந்தப் பக்கம் நின்னிய?"

கிருபா விழித்தாள். எனக்கும் புரியவில்லை. எஸ்தரம்மா இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தக் காது கேக்காது, மைனி. ரொம்ப வருசமாச்சு. எம் மவனுக்குக்கூடச் சரியாத் தெரியாது, அம்மா திமிரு புடிச்சவன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். சொதி கெட்டுத்தான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்த எடத்துல அதச் சொல்லி என்ன ஆகப்போவுதுன்னு ஓரமா நவுத்துனேன். நீங்க கேட்டது சத்தியமா எனக்குக் கேக்கல."

காற்றில் காலண்டர் படபடத்தது.

எஸ்தரம்மா சுருளைப் பிட்டு வாயில் போட்டார். மென்றார். "இது என்ன ஆப்பிளா? பட்டை தூக்கலா இருக்கு. நல்லா இருக்கு." பிறகு, "அவ தெனமும் போன்ல எங்கிட்ட அழுதா, அம்மா வீட்டுக்குப் போவணும், அம்மா வேண்டாங்காங்கன்னு. நான் எப்படி அவள அங்கன வச்சிக்கிட? ஒத்தக் காத வச்சே நான் ரெண்டாவது பிள்ளய வளத்தேன். நல்ல காது தலையணையில அமுங்கிட்டா அழுறது கேக்காதுன்னு தொட்டில் கயித்தக் கால்ல கட்டிக்கிட்டுப் படுப்பேன். அவன் நல்லாத்தான் இருக்கான்."

"அது காது. இது—"

"அதான் அண்ணாச்சி இருக்காங்கள்லா."

கிருபா என்னைப் பார்த்தாள். "அவங்க ஆபீஸ்..."

அப்போதுதான் சொன்னேன். பிப்ரவரியோடு சரி, சொல்லியாயிற்று என்று.

"யாரக் கேட்டுச் சொன்னிய?"

"யாரையும் கேக்கல."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாத்திரம் உருளும் சத்தம். எஸ்தரம்மா என் பக்கம் திரும்பி, "என்ன சொல்லுதாங்க? எனக்குக் கேக்கல" என்றார்.

"ஒண்ணும் சொல்லல. இன்னும் சுருள் போடுதா."

"போடட்டும்."

எஸ்தரம்மா போகும்போது கிருபா நாலைந்து சுருள் பொதிந்து கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். எஸ்தரம்மாவின் வலது பக்கமாகவே நடந்தாள்.

நவம்பர் 24, திங்கள்

ஜெனி: கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் ரயில். மாப்பிள்ளை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். அவளுடைய பெட்டியையும் கொண்டு வருகிறாளாம். இரண்டு பெட்டி எதற்கு என்றேன். "நம்ம எல்லாருக்கும் ஒண்ணு காணாதுப்பா" என்றாள்.

வாங்க வேண்டியது: ஈஸ்ட், பச்சை ஆப்பிள், மெல்லிய காட்டன் வேட்டி (பிள்ளைத் துணிக்கு). கேஸ் கருவிக்கு பேட்டரி.

கிருபா நேற்றிலிருந்து என்னோடு அதிகம் பேசவில்லை. கோபமா என்று கேட்டேன். "ஒரு வருசம் கூட இருந்துருக்கலாம்லா, ஒங்களுக்கு அந்த ஆபீஸ் பிடிக்கும்." பிடிக்கும்தான். "இதுவும் பிடிச்சிருக்கு" என்றேன். கேட்டாளா கேட்கவில்லையா தெரியவில்லை. ராத்திரிச் சோற்றுக்கு முருங்கைக்காய் சாம்பார் வைத்தாள், உப்பு மட்டும் தன் நாக்கில், மற்றதெல்லாம் என்னைக் கேட்டுக் கேட்டு. மெஸ்காரரிடம் நாளையிலிருந்து வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

நவம்பர் 26, புதன்

மறுபடி தூறல். இன்று ஆபீஸுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போகலாம், கப்பல் இன்னும் உள்ளே வரவில்லை. பேனாவை எடுத்து உட்கார்ந்ததுமே அடுப்படியிலிருந்து குரல்.

"ஏங்க, பால் அடுப்புல ஏறப்போவுது. மூக்கு வேணும், வாங்க."

போகிறேன்.